ஒட்டுக் கத்தியின் தட்டைப் பக்கம்

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் பூட்டக்கா. வீட்டைப் பூட்டுவாள், இழுத்துப் பார்ப்பாள், நாலு அடி நடப்பாள், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பாள். தெருமுனை வரை போய்விட்டு மூன்றாவது தடவையும் வந்த நாட்கள் உண்டு. "பூட்டு கையோட வந்துடப் போகுதுக்கா" என்பாள் எதிர்வீட்டுத் தையல்காரி. பூட்டக்கா சிரிப்பாள், ஆனால் இழுத்துப் பார்க்காமல் போகமாட்டாள். கவலைப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கிற ஆபீஸ் ஒன்று இருந்திருந்தால் இந்நேரம் அவள்தான் அங்கே மேனேஜர்.

அவள் வீட்டுக்காரர் நர்சரியில் ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டுகிறவர். காட்டு ரோஜாவின் தண்டைக் கீறி, நல்ல ரோஜாவிலிருந்து சீவியெடுத்த கண்ணை அதில் செருகி, நாடா சுற்றி இறுக்க வேண்டும். கண் என்றால் துளிர்விடுகிற அந்தச் சின்ன முளைதான். சீவிய பரப்பு கண்ணாடிபோலச் சமமாக இருந்தால்தான் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் கறுத்துச் செத்துவிடும். அவர் நூறு கட்டினால் தொண்ணூறு பிடிக்கும். அதே நர்சரியில் பூட்டக்கா தண்ணீர் ஊற்றுவாள், தொட்டி மாற்றுவாள், செடி வாங்க வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பாள்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. எடுத்தார், மறுபடியும் விழுந்தது. பக்கவாதம், லேசானதுதான் என்றார் டாக்டர். அந்த 'லேசானது' என்ற வார்த்தையைப் பூட்டக்கா ஆஸ்பத்திரி வாசல் வரைகூட நம்பவில்லை. அவளை ஏமாற்றிவிட்டு அவர் வலது கை மெல்ல மெல்லப் பழையபடி வேலை செய்யத் தொடங்கியது. டம்ளரைப் பிடித்தது, கையெழுத்துப் போட்டது. என்ன, சீக்கிரம் அசந்துபோகும்.

வேலைக்குத் திரும்ப வேண்டிய வாரத்தில் அவர் தீட்டுக்கல்லை எடுத்துவைத்துக்கொண்டு ஒட்டுக் கத்தியோடு உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் மணிக்கட்டு நடுங்கியது. கல்லை ஓரமாகத் தள்ளினார். பூட்டக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இருக்கிற கொஞ்சநஞ்சத் தெம்பையும் கல்லிலேயே கரைத்துவிட்டால் செடிக்கு என்ன மிஞ்சும்? சுலபமாகத் தீட்ட ஏதாவது ஒன்று வாங்கியே தீருவது என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் சமையல் கத்தியையும் கிளை வெட்டுகிற தோட்டக் கத்தரியையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இரும்புக் கடைக்குப் போனாள். ஒட்டுக் கத்தியை மட்டும் எடுத்துப் போகவில்லை. அதை அவர் சட்டைப் பையைவிட்டு இறக்குவதில்லை, யாரையும் தொடவிடுவதுமில்லை.

கடைக்காரர் முதலில் மோட்டார் சாணையை ஓட்டிக் காட்டினார். பொறி பறந்தது, இவள் நாலு அடி பின்னால் போனாள். அடுத்து நீளக் கம்பி ஒன்று. அதில் கத்தியை வீசி வீசி இழுக்க வேண்டும், அந்த மணிக்கட்டுக்கு ஆகாது. மூன்றாவது, மேஜையில் ஒட்டிக்கொண்டு நிற்கிற சின்னப் பெட்டி. அதன் பிளவில் கத்தியைச் செருகி இழுத்தால் போதும். பூட்டக்கா இரண்டே விரலால் கத்தியைப் பிடித்து இழுத்தாள். இடது கையால் இழுத்தாள். உட்கார்ந்து பார்த்தாள், நின்று பார்த்தாள், திரும்ப உட்கார்ந்தாள்.

"ஏங்க்கா, கத்தி தீட்ட வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"கைக்கு வலிக்காதுல்ல?"

"நீங்க இழுத்த இழுப்புக்கு அந்தப் பெட்டிக்குத்தான் வலிச்சிருக்கும்."

தோட்டக் கத்தரி அந்தப் பிளவில் நுழையவில்லை. அதற்கென்று அந்தப் பெட்டி வந்த அட்டை டப்பாவிலேயே கைப்பிடி வைத்த சின்னப் பட்டை அரம் ஒன்று இருந்தது. நல்லதாகப் போயிற்று என்று இரண்டையும் வாங்கிவந்தாள்.

பெட்டியில் தீட்டிய சமையல் கத்தி தக்காளியில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் கொடியில் தொங்கிய சட்டையிலிருந்து ஒட்டுக் கத்தியை எடுத்தாள். பத்து இழுப்பு. காகிதத்தை வெட்டிப் பார்த்தாள், சத்தமில்லாமல் வெட்டியது. துடைத்து, இருந்த மாதிரியே பையில் போட்டாள். சொன்னால் ரோஷப்படுவார், சொல்லாமல் செய்வதுதான் சரி என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

அன்று நர்சரியில் அவர் வெள்ளோட்டமாக முப்பது செடிக்கு ஒட்டுக் கட்டினார், நாடா சுற்ற மட்டும் அங்கே வேலை செய்கிற பையன் ஒருவன் கைகொடுத்தான். கத்தி எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது என்று ஒரு தரம் முணுமுணுத்தார், அவ்வளவுதான். கத்தியை ஒரு பார்வை பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். ஆனால் அன்றைக்கெல்லாம் அவர் கண் கையைவிட்டு நகரவேயில்லை.

மூன்று வாரம் கழித்து நாடாவை அவிழ்த்தபோது முப்பது கண்ணும் கறுத்துக் கிடந்தன.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பூட்டக்கா கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பாள். வீட்டுக்கு வந்து கத்தியைப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார். "கை போச்சு. நர்சரிக்காரர்கிட்ட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடு" என்றார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அதற்கப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேச்சில்லை, டிவி இல்லை. இப்படியே உட்கார்ந்து போய்விடுவாரோ என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நர்சரிக்காரரிடம் நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

ஐந்தாம் நாள் அடுக்களையைத் துடைக்கும்போது தீட்டுப் பெட்டியை அதன் டப்பாவில் போட எடுத்தாள். டப்பா கவிழ்ந்தது. அடிப்பக்கத்தில் ஒரு படம். ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்கிற கத்தி, அதன்மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி.

ஒட்டுக் கத்தி அப்படித்தான் இருக்கும். ஒரு பக்கம் சப்பட்டையாக இருப்பதால்தான் வெட்டு சமமாக விழும். அவள் அந்தத் தட்டைப் பக்கத்தையும் சேர்த்துச் சரிவாக்கியிருக்கிறாள். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள், டப்பாவின் அடியை ஒரு தடவை திருப்பிப் பார்க்கவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று நினைக்காமலில்லை. பத்தொன்பது வருஷத்துக் கத்தி, அவர் காறித் துப்பினாலும் நியாயம்தான். ஆனால் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்த மனுஷனை என்ன செய்வது?

பிஸ்கட் டப்பாவைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். "ஏங்க, இத நான் தீட்டினேன். அந்தப் பெட்டியில விட்டு, ரெண்டு பக்கமும்."

அவர் கத்தியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தட்டைப் பக்கத்தில் கட்டைவிரலை மெதுவாக வைத்தார். அவள் அடிக்குத் தயாராகிற பிள்ளைபோலத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னாள்.

"அப்ப... கை இல்லையா?"

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கை இல்லைங்க. கத்திதான்."

அதற்கப்புறம் வாங்கினாளே ஒரு திட்டு! அரை மணி நேரம், மூச்சு விடாமல். அறிவிருக்கா, யாரைக் கேட்டுத் தொட்டே, உன் பூட்டை நான் தொட்டேனா என்று தொடங்கி அவள் அண்ணன் கல்யாணத்து விவகாரம் வரைக்கும் போனார். ஏழு மாதத்தில் அவர் இவ்வளவு பேசியதேயில்லை. திட்டி முடித்ததும் பசிக்கிறது என்றார்.

கத்தியைத் திருத்த உதவியது, கத்தரிக்கென்று ஒதுக்கிவைத்திருந்த அந்தச் சின்னப் பட்டை அரம்தான். கத்தியை மேஜை விளிம்பில் கட்டைக்கு அடியில் இறுக்கி, அரத்தைத் தட்டையாகப் படுக்கவைத்துத் தேய்த்தார். கல்லைப்போல வேலை வாங்கவில்லை, இரண்டு விரல் பலம் போதுமாக இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் என்று ஒன்பது நாளில் தட்டைப் பக்கம் திரும்பிவந்தது.

நர்சரிக்காரர் நல்ல மனுஷர்தான், ஆனால் ஒட்டுக் கட்டுகிற பருவம் யாருக்காகக் காத்திருக்கும்? "பத்து செடி கட்டச் சொல்லுங்கக்கா. பாதி பிடிச்சா அவரே இருக்கட்டும். இல்லன்னா நான் ஆள் பாக்கணும்" என்றார்.

அவர் பத்துக் கண் சீவிச் செருகினார். நாடாவை இறுக்கிச் சுற்ற மட்டும் அவர் விரலுக்கு இன்னும் வரவில்லை. அவர் சொல்லச் சொல்ல பூட்டக்கா சுற்றினாள்.

பிறகுதான் அவளுக்கு நிஜமான பயம் வந்தது. இத்தனை நாளும் பழியைப் போடக் கத்தி இருந்தது. இப்போது கத்தி சரியாகிவிட்டது. இந்தப் பத்தும் கறுத்தால் அவரிடம் என்ன சொல்வாள்? கை இல்லை என்று வாய் நிறையச் சொன்னவள் அவள்தானே! மூன்று வாரமும் தினம் நாலைந்து முறை அந்தத் தொட்டிகள் பக்கம் போய் நின்றாள். நாடாவை மட்டும் தொடவில்லை. பூட்டை இழுக்கிற கைக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

அவிழ்க்கிற அன்று அவர் செடியைப் பார்க்காமல் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். முதலாவது கறுப்பு. இரண்டாவது பச்சை. மூன்றாவதும் பச்சை.

"ஆறு" என்றாள் கடைசியில். "ஆறு பிடிச்சிருக்குங்க."

அவர் திரும்பி வந்து குனிந்து பார்த்தார். ஒரு பச்சைக் கண்ணை விரல் நுனியால் தொட்டார். முன்பெல்லாம் பத்துக்கு ஒன்பது பிடித்த கை அது.

"மிச்சம் நாலு?"

"அது நான் நாடா சரியா கட்டாம போயிருக்கும்" என்றாள் அவசரமாக.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"பத்தையும் நீதானே கட்டினே? அப்ப பிடிச்ச அந்த ஆறையும் யாரு கட்டினது?"