நல்லையாவின் கடினத் தண்ணீர்

என் தம்பி நல்லையா குடிக்கமாட்டான். கள், சாராயம், சம்சு எதையும் நாக்கில் வைத்தவனில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மெர்டேக்கா கிடைத்து நாடு சுதந்திரமான மறு வருடம், எங்கள் ஊர் காஜா பெராங்கில் பாதிப் பேர் அவனைக் குடிகாரன் என்றுதான் நம்பினார்கள். அப்படி நம்பவைத்த புண்ணியவானும் அவனேதான்.

படங்களுக்குக் கண்ணாடி போடும் கடையில் அவனுக்கு வேலை. சாமி படமோ, செத்துப்போனவர் படமோ, எதுவானாலும் சட்டம் அடித்து, கண்ணாடி அறுத்துப் போடுவான். கடையில் மீந்த கண்ணாடியைக் கொண்டுவந்து இரும்புச் சட்டத்தில் பொருத்தி, ஒழுகாமல் மக்கு வைத்து அடைத்து, வீட்டிலேயே ஒரு மீன்தொட்டி செய்துவிட்டான். நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் ஓர் ஓடை உண்டு. அங்கிருந்து செடிகளும் விரல்நுனி அளவு மீன்களும் வந்து குடியேறின. கடை விட்டு வந்தால் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவான். சோறு ஆறிப்போகும். நான் கத்துவேன்.

ஆனால் செடிகள் தேறவில்லை. இலையோரம் கரைந்தது, இலைமேல் வெள்ளைப் பொருக்கு படிந்தது. எங்கள் வீட்டுக் கிணறு சுண்ணாம்புக் காரை பூசிய பழங்கிணறு. சோப்புப் போட்டால் நுரைக்காது, தண்ணீர் காய்ச்சும் கேத்தலின் அடியில் கல் படியும். போதாக்குறைக்கு இவன் அழகாக இருக்கட்டும் என்று தெங்கேராக் கடலோரத்தில் பொறுக்கிய சிப்பிகளைத் தொட்டியின் அடியில் பரப்பி வைத்திருந்தான். ஒருநாள் என்ன தோன்றியதோ, ஒரு சிப்பியை எடுத்து அதன்மேல் காடியை ஊற்றினான். பொசபொசவென்று பொங்கியது.

“பாத்தியாக்கா? இதுவும் சுண்ணாம்புதான். கெணத்துத் தண்ணியே கடினத் தண்ணி, அதுல நான் வேற சுண்ணாம்ப ஊறப் போட்டு வச்சிருக்கேன்” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

கடினத் தண்ணீர் என்பது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் அவன் படித்த வார்த்தை. சிப்பிகளை அள்ளி வெளியே போட்டான். கூரையிலிருந்து விழும் மழைத்தண்ணீரைப் பெரிய தாழியில் பிடித்தான். தண்ணீர் இன்னும் மென்மையாகட்டும் என்று அதில் வாதுமை மரத்துச் சருகுகளை ஊறப் போட்டான். பிறகு தினமும் தொட்டியிலிருந்து ஒரு குவளை எடுத்துவிட்டு, தாழியிலிருந்து ஒரு குவளை ஊற்றினான்.

“மொத்தமா மாத்தித் தொலையேன்டா!”

“திடீர்னு மாத்துனா மீனு செத்துப் போயிரும்க்கா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணும்.”

எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. மலாயில் காஜா என்றால் யானை, பெராங் என்றால் கோபம். “ஊரு பேர உன்னப் பாத்துத்தான் வச்சிருப்பாங்க” என்பான் அந்தப் படவா.

பாக்கியம் அந்தச் சமயத்தில்தான் கடைக்கு வந்தாள். சிட்டி சமூகத்துப் பெண். அவர்கள் பல தலைமுறைகளாக இந்த ஊரிலேயே இருப்பவர்கள். நாம் கும்பிடும் சாமிதான் அவர்களுக்கும், வீட்டில் பேசுவது மட்டும் மலாய். முன்னோர் படையல் வருகிறதென்று, இறந்துபோன அம்மாவின் படத்துக்குக் கண்ணாடி மாற்ற வந்தாள். ஆணி கழன்றது என்று மறுபடி வந்தாள். பிறகும் வந்தாள். என் தம்பி அடித்த ஆணி எதுவும் அதுவரை கழன்றதில்லை.

முப்பத்தைந்து வயது வரைக்கும் எனக்கு இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்டிராதவன், “எனக்குப் பாக்கியத்தக் கேட்டு வாக்கா. அவ இல்லாட்டி வேற யாரும் வேணாம்” என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தட்டு எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். பாக்கியத்தின் அப்பா தெய்வநாயகம் மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் என்ன செய்வாய் என்று மலாயில் கேட்டார். அவ்வளவுதான், அதுவரை ஊமையாக இருந்தவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“என் வீட்டில் ஆயர் கெராஸ்” என்று ஆரம்பித்தான். “தினமும் அதோடுதான் மல்லுக்கட்டு. முன்பு ரொம்ப மோசம். இப்போது மழைத்தண்ணீர் கலந்து சிகிட்-சிகிட் குறைத்துக்கொண்டு வருகிறேன். திடீரென்று நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் சாவுதான்.”

ஆயர் என்றால் தண்ணீர், கெராஸ் என்றால் கடினம், சிகிட்-சிகிட் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக. அந்த அளவுக்கு மலாய் எனக்கும் தெரியும். பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். தெய்வநாயகத்தின் முகம் கறுத்தது. சொல்லி அனுப்புகிறேன் என்று எழுந்துவிட்டார்.

பதிலைக் கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா. “குடிகாரனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாராம். ஏன்டி அஞ்சல, உன் தம்பி ஆயர் கெராஸ் பத்தியா பேசுனான்? ஐயோ, மலாய்க்காரங்ககிட்ட ஆயர் கெராஸ்னா சாராயம் லா!”

பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்பார்கள். என் தம்பி பாலைக் குடித்துவிட்டு, கள் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறான்!

போய் விளக்கிச் சொல்லடா என்றேன். அசையவில்லை. “குடிகாரன்தான்க்கா வீட்டு வாசல்ல போயி நின்னு நான் குடிக்கலேம்பான். நானும் போயி நின்னா என்னா வித்தியாசம்?” என்றான். பாக்கியம் கடைக்கு வருவது நின்றது. அவன் சாப்பாடும் பாதியாயிற்று. மீன்களுக்கு மட்டும் வழக்கம்போல் தண்ணீர் மாற்றினான்.

நான் பொறுக்கவில்லை. தெய்வநாயகத்தின் வாசலில் போய் நின்று, எனக்குத் தெரிந்த உடைசல் மலாயில் சத்தம் போட்டேன். “வந்து பாருங்கள்! என் வீட்டுப் பானை ஒவ்வொன்றையும் முகர்ந்து பாருங்கள்!”

மறுநாள் காலையில் வந்தேவிட்டார். நேரே தாழியருகே போனார். அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. சருகு ஊறிய தண்ணீர் அச்சு அசலாகப் பிராந்தி நிறத்தில் கிடந்தது. கிழவர் கையால் அள்ளினார், முகர்ந்தார், குடித்தார். நல்லையா தொட்டியிலிருந்து ஒரு குவளை எடுத்துக் கொட்டினான், தாழியிலிருந்து ஒரு குவளை ஊற்றினான்.

“அன்றைக்குச் சொன்னது இதைத்தானா?”

“ஆமாம்.”

கிழவர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு விளங்கட்டும் என்று மலாயை நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“என் மகனும் இப்படித்தான் சொன்னான். சிகிட்-சிகிட், அப்பா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன் என்று. நானும் நம்பினேன். கடைசியில் என் மடியில்தான் செத்தான். நீ அதே வார்த்தையைச் சொன்னாய், அவனைப் போலவே சிரித்துக்கொண்டு. எனக்கு அதற்குமேல் காது கேட்கவில்லை.”

திட்டுவதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன். நல்லையா குவளையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை, தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே சொன்னார்.

“பாக்கியம் வெளியே நிற்கிறாள், வெயிலில். உள்ளே கூப்பிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடு.”