‘போ’ என்றால் மரியாதை

அக்காவின் கைப்பேசியை நினைத்தால், சமையல் மேடையில் ஒரு எவர்சில்வர் சொம்பின்மேல் சாய்ந்து நிற்பதாகத்தான் அது நினைவுக்கு வருகிறது. அக்கா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். திரையில் யாரோ ஒரு பெண் மழையில் நனைந்தபடி வாசற்கதவைத் தட்டிக்கொண்டிருப்பாள். அவள் பேசும் மொழி வீட்டில் வேறு யாருக்கும் புரியாது. அக்காவுக்குப் புரியும். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்து வளர்ந்தவள், பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், பிலிப்பைன்ஸ் படம் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பாள், சில இடங்களில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். “இன்னாது, சீனாக்காரன் படமா?” என்று மாமா, அதாவது அவள் கணவர், முதல் சில நாள் கேலி செய்தார். பிறகு கேலி செய்யக்கூட யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

கிணறு வற்றி, போட்ட போர்களும் பொய்த்துப்போன வருடத்தில்தான் அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மகளுக்கு அப்போது பால் பல்கூட விழ ஆரம்பிக்கவில்லை. மாமாவின் அக்கா, பிள்ளை இல்லாதவர், குழந்தையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார்; அவர் கணவர்தான் குழந்தைக்குப் பெரிய மாமா. ரெண்டு வருஷத்தில் வந்துவிடுவதாகத்தான் பேச்சு. மகள் கல்லூரியில் சேரும்வரை அந்த ரெண்டு வருஷம் முடியவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் செங்கம் சாலையை ஒட்டிய சந்தில், ஆசிரமத்துக்கு நடந்து போகும் தூரத்தில், இந்த வீடு எழுந்தது. கீழே குடும்பம், மாடியில் வாடகைக்கு வெளிநாட்டுக்காரர்கள்.

குவைத் வீட்டில் சமையலறையை ஒட்டிய ஒரு சின்ன அறையில் அக்காவோடு இன்னொரு வேலைக்காரியும் இருந்தாள். மணிலாவுக்கு அருகில் ஏதோ ஊர். அக்காவைவிட மூத்தவள். அவளை அக்கா ‘ஆத்தே’ என்றுதான் கூப்பிடுவாள், அவர்கள் மொழியில் அதற்கு அக்கா என்று பொருள். வெள்ளிக்கிழமை ஓய்வு நேரத்தில் அந்த ஆத்தே தன் கைப்பேசியில் படம் போடுவாள். முதலில் சைகையில் கதை சொன்னாள், பிறகு அரைகுறை அரபியில், கடைசியில் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அக்கா அந்த மொழியைச் சமையலறையில் கற்றாள், படத்தில் உறுதி செய்துகொண்டாள்.

நான் பள்ளி ஆசிரியை. சினிமாவில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனாலும் ஊர் திரும்பிய அக்காவோடு உட்கார்ந்து சில படங்களைப் பார்த்தேன். அவள் வரிக்கு வரி சொல்லிக்கொண்டே வருவாள். “இந்த ஊரு படத்துல சண்டை எல்லாம் சாப்பாட்டு மேசையிலதாண்டி. தட்டுல சோறு போட்டாச்சுன்னா யாரோ ஒருத்தர் வாயத் தொறப்பாங்க, அத்தோட எல்லாம் வெளிய வந்துடும்.” கறுத்த இயேசுவின் சிலையை லட்சக்கணக்கானவர்கள் இழுத்துப் போகும் காட்சி வந்தால், “நம்ம தீபத்துக்கு வர்ற கூட்டம் மாதிரியே இல்ல?” என்பாள். குடிசைப் பகுதி, சூதாட்டம், அழகிப் போட்டி, கொலை எல்லாம் அந்தப் படங்களில் உண்டு. ஆனால் அக்கா தேடித்தேடிப் பார்த்தவை வேறு. அம்மா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளின் கதைகள். அட்டைப்பெட்டி நிறைய சோப்பும் சாக்லெட்டும் காலணியும் வந்து இறங்கும், பிள்ளைகள் பிரிப்பார்கள், அனுப்பியவளின் படம் சுவரில் மாட்டியிருக்கும். தன் பெண்களை வேலைக்கு ஏற்றுமதி செய்து, மேடையில் அவர்களை வீராங்கனைகள் என்று வாழ்த்தும் ஒரு நாடு, அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தன் சினிமாவிலாவது பார்த்திருக்கிறது.

நம் சினிமாவில் தாய் எங்கும் போவதில்லை. மகன் போவான், அவள் வாசலில் நிற்பாள், கண் கலங்குவாள், அவன் திரும்பியதும் சோறு பிசைந்து ஊட்டுவாள். போன தாய்க்கு நம்மிடம் ஒரு காட்சிகூட இல்லை. நம் மாவட்டத்திலிருந்து எத்தனை பெண்கள் போனார்கள், எப்படித் திரும்பினார்கள் என்பதைப் பேச நமக்கு வெட்கம். அவர்கள் கட்டிய வீட்டில் குடியிருக்க மட்டும் வெட்கமில்லை.

அக்காவை அவள் மகள் ‘நீங்க’ என்றுதான் அழைத்தாள். “டீ போடட்டுங்களா? எப்ப வருவீங்க?” என்று. வளர்த்த அத்தையிடம் ‘நீ’, ‘வாடி போடி’ என்று விளையாட்டுச் சண்டைகூட. பெற்றவளிடம் விருந்தாளிக்குக் கொடுக்கும் மரியாதை. அக்கம்பக்கத்தில் அதைப் பாராட்டுவார்கள், என்ன பணிவான பெண் என்று. அக்கா தலையாட்டிக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா கைப்பேசியை டிவியோடு இணைத்து எல்லோரையும் உட்காரச் சொன்னாள். மாமா, அவர் அக்கா, மகள், நான். படத்தில் பல வருடம் கழித்து ஊர் வந்த ஒரு தாய், மகளுக்குப் பிடிக்குமென்று புளி போட்டு மீன் சாறு வைக்கிறாள். மகள் ஸ்பூனை வைத்துவிட்டு ஏதோ மெதுவாகச் சொல்கிறாள். அவள் பேச்சில் திரும்பத் திரும்ப ‘போ’ என்று வந்தது.

“எதுக்கு அம்மாவ போ போன்றா?” என்று மாமா கேட்டார்.

“போன்னா அவங்க பாஷையில மரியாதை. நம்ம ‘ங்க’ போடறோம் இல்ல, அந்த மாதிரி. பெரியவங்க கிட்ட பேசும்போது சொல்வாங்க,” என்றாள் அக்கா. “புளி எனக்கு ஆவாதுங்க, தெரியாதுங்களான்னு கேக்கறா.”

தாய் ஏதோ சமாதானம் சொன்னாள். மகளின் குரல் உயர்ந்தது. அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “இப்ப பாரு, அந்த ‘போ’வ விட்டுட்டா. இப்பதான் பொண்ணு மாதிரி பேசறா,” என்றாள்.

அவள் மகள் எழுந்துவிட்டாள்.

“இதுக்குத்தான் உக்கார வச்சியா? படம் போட்டுக் காட்டித்தான் எனக்குச் சொல்லணுமா? எனக்கு அம்மை போட்டப்ப அத்ததான் வேப்பிலையோட உக்காந்துக்கினு இருந்துச்சு. நான் வயசுக்கு வந்தப்பவும் அத்ததான். நீ போன்ல பேசின. பேசிட்டு வச்சுட்ட.”

அறைக்கதவு சாத்தப்பட்டது. மாமாவின் அக்கா தலையைக் குனிந்துகொண்டு தரையில் இல்லாத தூசியைத் துடைத்தார். அவரைக் குறை சொல்ல என்னிடம் இன்றுவரை எதுவும் இல்லை. சமையலறையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கேட்டியா? என்னை ‘நீ’ன்னா,” என்றாள். அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான். மறுநாள் காலை மகள் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்து, “காப்பி குடிக்கிறீங்களா?” என்று கேட்டபோது அது இல்லை.

கிரிவலப் பாதையில் ஒரு மண்டபத்தில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. அக்கா குவைத்தில் சேர்த்த நகை முழுவதும் பெண்ணின் கழுத்தில். தாரை வார்க்கும் நேரத்தில், “பொண்ணோட அம்மா அப்பா வாங்க,” என்று ஐயர் கூப்பிட்டார். அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு ஒரு அடி எடுத்து வைத்தாள். மணமேடையிலிருந்து மகள், “அத்தையும் பெரிய மாமாவும் வரட்டுங்க. வளர்த்தவங்க அவங்கதானே,” என்றாள். பணிவாகத்தான் சொன்னாள். நாதஸ்வரக்காரர்கள் வாசிப்பதற்குத் தயாராக இருந்தார்கள். சபை காத்திருந்தது. மாமா தரையைப் பார்த்தார். அக்கா நாத்தனாரின் முதுகில் கைவைத்து, “போங்க அண்ணி, நேரமாவுது,” என்று மேடைக்கு அனுப்பினாள்.

அதன்பிறகு அவளைத் தேடி நான் பந்திக்கூடத்துக்குப் போனேன். பரிமாறும் ஆட்களுக்கு நடுவே நின்று சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், அவளைச் சமையல்காரரோடு வந்தவள் என்று நினைத்து, தண்ணீர் கேட்டார். ஊற்றினாள்.

மூன்றாம் மாதமே அவள் மறுபடி குவைத்துக்கு, அதே வீட்டுக்குக் கிளம்பினாள். யாரும் தடுக்கவில்லை. மாமா மட்டும், “இந்த வயசுல எதுக்கு?” என்றார், பதிலுக்குக் காத்திருக்காமல். நான் கேட்டபோது, “அங்க எனக்கு இன்னா வேலைன்னு தெரியும்டி. இங்க தெரியல,” என்றாள். மாடியில் அப்போது பிரான்ஸிலிருந்து வந்த ஒரு தம்பதி தங்கியிருந்தார்கள். அமைதியைத் தேடி வந்தவர்கள். இந்த வீட்டில் நல்ல அமைதி இருப்பதாக அக்காவிடம் சொல்லி, கைகூப்பி வழியனுப்பினார்கள்.

போன வாரம் பேசினாள். அந்தப் பழைய ஆத்தே ஊருக்குப் போய்விட்டாளாம். புதிதாக ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள், அவளும் பிலிப்பைன்ஸ்தான், கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தவள். ராத்திரியில் பால் கட்டி அழுகிறாளாம்.

“ஊருக்குத் திரும்பிப் போயிடும்மான்னு சொன்னேன். போயிட்டா வீட்டுக்கு யாரு பணம் அனுப்புவாங்கன்னு என்னையே கேக்குது,” என்றாள் அக்கா.

“நீ என்ன சொன்ன?”

“இன்னா சொல்றது? சோறு ஆறுது, வந்து சாப்புடுன்னு சொன்னேன்.”