வெளிநாட்டு அணியோடு விளையாடுவதன் நன்மைகள்

2009ஆம் ஆண்டின் வசந்தம் முழுவதும் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் யாருக்கும் விளையாட்டு நினைவு இருக்கவில்லை. இலங்கையில் போரை நிறுத்தக் கேட்டு, பெற்றோர்கள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் தெருவில் நின்றார்கள். அதற்குப் பிறகு, ஊரிலிருந்து என்ன செய்தி வருமோ என்று, வீட்டில் தொலைபேசி அடித்தால் யார் எடுப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் மாதங்கள் வந்தன. செப்டம்பரில் பள்ளி திறந்தபோது உதைபந்தாட்டப் பயிற்சியாளர்தான் முதலில் பேசினார். பையன்களை மறுபடியும் ஓடவிட வேண்டும், பாரிஸ் தமிழ்ப் பள்ளி ஒன்றின் பதினாறு வயதுக்குட்பட்ட அணியை லண்டனுக்கு அழைக்க வேண்டும் என்றார்.

அவர் ஜெர்மனியில் பல காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். குளியலறைகளுக்கு ஓடு பதிப்பது தொழில். எதையும் ஜெர்மனியோடு ஒப்பிட்டுத்தான் தொடங்குவார்.

“ஜெர்மனியிலை எண்டால் பெடியள் ஒவ்வொரு லீவுக்கும் வெளிநாட்டு ரீமோடை விளையாடுவாங்கள். நாங்கள் சும்மா இந்த லண்டன் சவுத்தால்காரரோடையே விளையாடி என்ன பிரியோசனம்? அவங்கடை கோலி எந்தப் பக்கம் பாய்வான் எண்டு எங்கடை நேர்சரிப் பிள்ளையளுக்கும் தெரியும்.”

“போன வருசம் சவுத்தால் தேப்பன்மாரோடை நீங்கள் அடிபடப் பாத்தனீங்கள்,” என்றார் ஓர் ஆசிரியை.

“அதைத்தான் சொல்லுறன் ரீச்சர். பாரிஸ்காரரோடை எங்களுக்கு ஒரு கோவமும் இல்லை.”

“இன்னும் சந்திக்கேல்லை, அதாலை இல்லை,” என்றார் பள்ளித் தலைவர்.

இருந்தாலும் தலைவருக்கு யோசனை பிடித்துப்போயிற்று. பதாகையில் ‘சர்வதேச’ என்ற சொல்லைப் போடலாம் என்பதே காரணம். இரண்டு அணிகள், ஒரே ஓர் ஆட்டம், சர்வதேசப் போட்டி. இரு நாட்டுப் பையன்களின் பெற்றோரும் ஒரே ஐந்தாறு ஊர்களிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதைப் பதாகையில் போட இடம் இருக்கவில்லை.

வரும் பையன்களை வீடுகளில் தங்கவைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒழுங்காகச் செய்வேன் என்று என்மீது ஒரு நம்பிக்கை. நானும் ஒழுங்காகவே செய்தேன். சைவம் சாப்பிடுபவர்களைச் சைவ வீடுகளுக்கு அனுப்பினேன். நாய்க்குப் பயந்தவனை நாயில்லாத வீட்டில் விட்டேன். அவர்களுடைய முன்னணி ஆட்டக்காரனுக்கு மாத்திரம் கட்டில் நீளமாக வேண்டியிருந்தது. நீளமான கட்டில் எங்கள் வீட்டில்தான் இருந்தது. எங்கள் மகன் லண்டன் அணியின் கோல் காப்பாளன் என்பதை அப்போது நான் கணக்கில் எடுக்கவில்லை. கட்டிலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மகனைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருடங்களாக அவன் கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கிறான். பந்து மறுபக்கம் இருக்கும்போதெல்லாம் கோட்டோரம் நிற்பவர்களை ஒருமுறை பார்ப்பான். நான் கை காட்டுவேன். அவனும் பதிலுக்குக் கை காட்டிவிட்டு, எனக்குப் பக்கத்து வெற்றிடத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவான். அவனுடைய அம்மா ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு சுப்பர்மார்க்கெட்டில் ஷிப்ட். ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில் புல் ஈரமாக இருக்கும், அல்லது காற்றடிக்கும், அல்லது ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போக வேண்டியிருக்கும். “அம்மா, ஒருக்கா வாங்கோவன்” என்று கேட்பதை அவன் அந்தக் கோடையோடு நிறுத்திவிட்டிருந்தான்.

சனி மாலை பாரிஸ் அணியை ஏற்றிய வான் வந்து சேர்ந்தது. பாரிஸ் பையன் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றி, ஓரமாக வைத்து, “வணக்கம் அன்ரி” என்றான். அந்த ஒரு வணக்கத்திலேயே ஆட்டம் பாதி முடிந்துவிட்டது.

“ஊரிலை எவடம் அப்பன்?” என்று கேட்டாள் என் மனைவி.

பாரிஸில் பிறந்து, இலங்கையைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளை அவன். ஆனாலும் தடுமாறவில்லை. தகப்பனின் ஊர், தாயின் ஊர், பெரியம்மா கலியாணம் செய்த ஊர் என்று வரிசையாகச் சொன்னான். மூன்றாவது ஊரில் என் மனைவி பிடித்துக்கொண்டாள். அந்தப் பெரியப்பாவின் வீடு அவள் படித்த பள்ளிக்கூடத்தின் பின் ஒழுங்கையிலாம்.

“இஞ்சேருங்கோ, இவன் வேறை ஆருமில்லை, எங்கடை பிள்ளை!”

எங்கள் பிள்ளை மேசையின் மறுபக்கத்தில் இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டின் முடிவில் விருந்தாளி கேட்டான்: “அன்ரி, நாளைக்கு நீங்களும் மட்ச் பாக்க வருவீங்கள்தானே?”

“வராமல் என்ன ராசா? நீ இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய்.”

அங்கேயே தொலைபேசியை எடுத்து ஷிப்டை மாற்றினாள். மகன் தட்டைக் கொண்டுபோய்க் கழுவிவைத்தான். வழக்கமாக அவன் தட்டுக் கழுவுவதில்லை.

மறுநாள் தோர்ண்டன் ஹீத் மைதானத்துக்குப் போனபோதுதான் என் ஏற்பாட்டின் முழு விளைவும் தெரிந்தது. லண்டன் அம்மாக்கள் ஒருவர்கூட வீட்டில் இல்லை. பிளாஸ்க்குகளோடும் றோல்ஸ் பெட்டிகளோடும் கோட்டோரம் அணிவகுத்து நின்றார்கள். ஒவ்வொருவரும் முதல்நாள் இரவு தான் சோறு போட்ட பிள்ளைக்காகக் கத்தினார்கள். நாய்க்குப் பயந்தவனின் லண்டன் அன்ரி, அவனை இடித்து விழுத்திய சொந்த மகனைப் பார்த்து, “டேய், பழக்கவழக்கம் இல்லையோ உனக்கு!” என்று சத்தமிட்டாள். எங்கள் அணி கோல் அடித்தபோது கைதட்டியவர்கள் நானும் பயிற்சியாளரும் மட்டுமே. பயிற்சியாளர் என்னருகில் வந்து பல்லைக் கடித்தார்.

“அண்ணை, இது எங்கடை கிறவுண்டோ, அவங்கடை கிறவுண்டோ?”

“ஜெர்மனியிலை எப்பிடி?”

“ஜெர்மனியிலை பெடியளை ஹொஸ்டலிலை விடுவாங்கள்,” என்றார்.

கடைசி நிமிடங்களில் நாங்கள் இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தோம். அப்போது பாரிஸ் அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவன் எங்கள் வீட்டுப் பையன். தடுக்க நின்றவனும் எங்கள் வீட்டுப் பையன். மகன் கைகளை விரித்து நின்றுகொண்டு, கோட்டோரம் ஒருமுறை பார்த்தான். இந்தத் தடவை எனக்குப் பக்கத்தில் வெற்றிடம் இல்லை. அவன் அம்மா நின்றாள்.

“தம்பி, பாத்து அடி ராசா! பயப்பிடாதை!” என்று கத்தினாள்.

மகனும் தம்பிதான், ராசாதான். யாருக்குச் சொன்னாள் என்பதில் சந்தேகத்துக்கு இடமிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். ஆனால் ‘அடி’ என்ற சொல் கோல் காப்பாளனுக்குப் பொருந்தாது.

பந்து இடது மூலைக்குப் போனது. மகன் முழு நீளத்துக்குப் பாய்ந்து அதை வெளியே தட்டிவிட்டான். மூன்று வருடங்களில் அவன் செய்த ஆகச் சிறந்த தடுப்பு அது. மைதானத்தில் மரண வீட்டு அமைதி. நடுவர் ஊதி முடித்ததும் என் மனைவி புல்லின் ஈரத்தைப் பொருட்படுத்தாமல் உள்ளே ஓடினாள். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த பாரிஸ் பையனின் முகத்தைத் தன் சால்வையால் துடைத்தாள். பிறகு கோல் பக்கம் திரும்பினாள்.

“வீட்டுக்கு வந்த பிள்ளை. ஒண்டை விட்டால் என்ன உனக்கு?”

“அம்மா, நான் கோல்கீப்பர்,” என்றான் மகன்.

பாரிஸ் பையன் எழுந்து அவனைக் கட்டிப்பிடித்து, பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தான். அவர்கள் இருவருக்கும் இடையில் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை.

வான் புறப்பட்டதும் தலைவர் ஒரு சிற்றுரை ஆற்றினார். சர்வதேசப் போட்டியால் உறவு வளர்கிறது, மொழி வளர்கிறது என்றார். எங்கள் பிள்ளைகளும் பாரிஸ் பிள்ளைகளும் பொதுவாக அறிந்த மொழி தமிழ் ஒன்றே என்பதால், மைதானத்தில் தமிழ் உண்மையிலேயே புழங்கியது. அதிலும் வகுப்பில் கற்பிக்காத பகுதிகள். ஈஸ்டர் விடுமுறையில் பாரிஸில் மறு ஆட்டம் என்று தலைவர் அறிவித்து, யார் வருகிறீர்கள் என்று கேட்டார். முதலில் உயர்ந்த கை எங்கள் மகனுடையது.

காரில் நான் கேட்டேன். “பாரிஸ் போக அவ்வளவு விருப்பமோ?”

“ஓம். அங்கை ஆராவது ஒரு அன்ரி எனக்குக் கத்துவா.”

அவன் அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னான். முன் இருக்கையில் என் மனைவி ஈரமான சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். சிவப்பு விளக்கில் கார் நின்றபோது அதன் ஈரத்தைச் சால்வையால் துடைத்தாள்.

“ஈஸ்டருக்கு நானும் லீவு போடுறன்,” என்றாள். “பாரிசுக்கு வாறன்.”

பெற்ற மகனின் ஆட்டத்தைப் பார்க்க அவள் கடல் தாண்டத் தயார். வெளிநாட்டு அணியோடு விளையாடுவதன் நன்மைகளில் பயிற்சியாளர் இதைச் சொல்லவில்லை.

“அடுத்த ஞாயிறும் இஞ்சைதான் மட்ச், அம்மா,” என்றான் மகன். “சவுத்தால்காரரோடை. நடந்தே வரலாம்.”

“எத்தினை மணிக்கு?” என்று கேட்டாள் அவள்.