ஜெயந்தியின் குழுவில் ஜெயந்திக்கு இரங்கல் கூடாது

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஜெயந்தி காலமான செய்தி, ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனிக்குக் காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் வந்தது. அவள் கணவர் முருகனின் தம்பிதான் போன் செய்தான். "மதினி போயிட்டாவ அண்ணாச்சி. நெஞ்சு வலிக்குன்னாவ, அம்புட்டுத்தான்." துணிக் கட்டுகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைவிட எவ்வளவோ சின்னவள். போனை மடியில் வைத்ததும் அது அதிரத் தொடங்கியது. எங்கள் ரத்ததான வாட்ஸ்அப் குழுவில் கும்பிட்ட கைகளும் கண்ணீர் முகங்களும் வந்து விழுந்துகொண்டே இருந்தன.

குழுவைத் தொடங்கியவள் அவள். அட்மின்கள் நாங்கள் இருவர்தான். இரங்கல், வாழ்த்து, சாமி படம் எதுவும் கூடாது, வந்தால் அட்மின் உடனே அழிக்க வேண்டும் என்பது அவள் கொண்டுவந்த விதி. அதற்குக் காரணம் உண்டு. முன்பு உறுப்பினர் ஒருவரின் தகப்பனார் இறந்தபோது எல்லோரும் அனுதாபம் எழுதினோம். அய்யனார் கோவில் அருவியில் வழுக்கி விழுந்த ஒருவருக்கு ரத்தம் கேட்டு வந்த செய்தி அதற்குள் புதைந்துபோனது. மதியம்தான் பார்த்தோம். ஆள் பிழைத்துக்கொண்டார். எனக்கு நிம்மதி வந்தது. ஜெயந்திக்கு வரவில்லை. "பொழச்சது அவரு பாக்கியம் அண்ணாச்சி. நம்ம என்னத்தக் கிழிச்சோம்?" என்றாள்.

இன்னொரு விதி என்னுடையது. என் மச்சினன் காலை வணக்கப் படம் அனுப்பாமல் பல் துலக்காதவன். அவனை ஜெயந்தி ஒரு வார்த்தை கேட்காமல் நீக்கிவிட்டாள். நான் பஸ் பிடித்துப் போய்க் கடை வாசலில் நின்று கத்தினேன். "நீ வச்சதுதான் சட்டமா? நெனச்சா தூக்குவ, நெனச்சா சேப்பியோ?" அவள் கையிலிருந்த யாருடைய ரேஷன் கார்டையோ நகலெடுத்துக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "தப்புதான் அண்ணாச்சி. என்ன விதி போடலாம், நீங்களே சொல்லுங்க." கோபத்தில் சொன்னேன். எந்த விதியையும் அட்மின் தன்னிஷ்டத்துக்குக் கூட்டவோ தளர்த்தவோ கூடாது, எவருக்காகவும். மாற்ற வேண்டுமென்றால் எல்லோரிடமும் ஓட்டு, அதற்கு ஒரு வார அவகாசம். அங்கேயே தட்டெழுதிக் குழுவில் போட்டாள். ஓட்டில் அது வென்றது.

அவள் அந்த விதிக்குப் பயந்தே நடந்தாள். ஆடிப்பூரத் தேர்ப் படத்தை ஒருமுறை கைதவறிப் போட்டுவிட்டு, ஒரு வாரம் குழுவில் எழுத மாட்டேன் என்று தனக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க, எழுத வேண்டியதை எனக்குப் போன் செய்து சொல்லிச் சொல்லியே என் பிராணனை வாங்கினாள்.

அவள் போன அன்று காலை, துணிக் கட்டுகளின் மேல் உட்கார்ந்தபடியே குழுவைத் திறந்தேன். விதியைத் தளர்த்த வழியில்லை, ஓட்டுக்கு ஒரு வாரம் ஆகும். அதுவரை பிணம் காத்திருக்குமா? ஒவ்வொன்றாக அழித்தேன். அழிக்க அழிக்க வந்தன. "உமக்கெல்லாம் மனசாட்சி இருக்கா வே?" என்று ஒருவர் எழுதினார். அதையும் அழித்தேன். நடுவில், வத்திராயிருப்பிலிருந்து பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் கேட்டுச் செய்தி வந்தது. சாவு வீட்டுக்கு மாலையோடு கிளம்பிய ஒருவர் அதைப் பார்த்து வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார். நான் செய்தது சரியென்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது.

மதியம் முருகனிடமிருந்து குழுவுக்கு ஒரு நீண்ட செய்தி வந்தது. அதையும் அழித்தேன்.

சாவு வீட்டில் அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நான் எழுதுனதையுமா அழிச்சீக அண்ணாச்சி? பதினஞ்சு வருசம் கூட வாழ்ந்தவன் ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" பிறகு அவர் குழுவை விட்டு வெளியேறிவிட்டார். என்னால் வெளியேற முடியாது, இப்போது அட்மின் நான் ஒருவன்தான். பொறுப்பை ஏற்க யாராவது வாருங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். என்னைத் திட்டியவர்கள்கூட வரவில்லை.

குழுவில் எழுத முடியாததை, பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடிக்கும் இந்தத் தாளில் எழுதுகிறேன். என்னைத் திட்டியவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவளுடையது என்று என்னிடம் இருப்பவை அந்த விதிகள்தான். அவற்றை நான் விடப்போவதில்லை.

தம்பி முருகன், உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்று உங்கள் பெயரைப் பார்த்தேன், உடனே அழித்துவிட்டேன். படித்தால் அழிக்க மனம் வராது என்று பயந்து படிக்கவேயில்லை. நீங்கள் அவளைப் பற்றி என்ன எழுதியிருந்தீர்கள்? ஒருநாள் நான் வீட்டுக்கு வருகிறேன். எனக்குச் சொல்லுங்கள்.