கட்சரின் விரல்களும் சின்னமாமாவின் விரல்களும்

ஐந்தாம் வகுப்பில் ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளை என்று பெயரெடுத்தவள் நான். ஆனால் அந்தப் பனிக்காலத்தில் நாங்கள் வந்து குடியேறிய மில்லிக்கனில், எங்கள் வீட்டில் என்னையும் விஞ்ச ஓர் ஆள் இருந்தார். அம்மாவின் தம்பி, என் சின்னமாமா. ஊரிலிருந்து வந்து ஒரு வருடம், வீட்டின் அடித்தளத்தில், பேஸ்மன்றில் குடியிருந்தார். வாஷிங் மெஷினுக்கும் படிக்கட்டுக்கும் இடையில் நாள் முழுக்க நடப்பார். இவனுக்குக் காலில் சக்கரம் என்று அப்பா சொல்வார்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் ஒரு புரொஜெக்ட் தந்தார்கள். பழைய காலத்து மனிதர் ஒருவரின் தொழிலைப் பற்றி எழுத வேண்டும். நான் லைப்ரரியில் ஒரு பேஸ்போல் ஆட்டக்காரரைக் கண்டுபிடித்தேன். பந்தடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கட்சர். சம்பளத்துக்கு விளையாடத் தொடங்கிய முதல் ஆட்களில் ஒருவர். அந்தக் காலத்தில் கையுறை கிடையாது. விரல் முறிந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த பந்துக்குக் குந்துவாராம். வருடத்துக்கொரு அணி, ஊருக்கொரு ரயில், பாவம், அவருக்கும் இருப்பில்லை. புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க அவருடைய கைகளின் படம். விரல்கள் ஆளுக்கொரு திசை பார்த்தன.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சின்னமாமாவின் வலது கையும் அப்படித்தானே! அவர் வந்த புதிதில் கேட்டபோது, பள்ளிக்கூட டீமில் விக்கட் கீப்பராக நின்றவர், பந்து பட்டு முறிந்தது என்று அம்மா சொல்லியிருந்தார். மாமா சோபாவில் கண்ணயர்ந்த நேரம் அப்பாவின் போனால் படம் எடுத்தேன். அட்டையில் ஒரு பக்கம் கட்சரின் கை, மறுபக்கம் மாமாவின் கை. கீழே மாமாவின் முழுப்பெயர், கிரிக்கட் பந்தால் முறிந்த விரல்கள் என்ற விளக்கம். ரீச்சர் அதைப் பள்ளிக்கூட வாசலிலேயே ஒட்டினார். பரிசும் அதற்குத்தான் என்றார்.

இரவுச் சாப்பாட்டில் பெருமையாகச் சொன்னேன். அம்மா புட்டுக்குழலைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டார். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"உதில என்ர பேரும் போட்டிருக்கோ?" என்று கேட்டார். பிறகு அம்மாவிடம், "பள்ளிக்கூடமும் கவர்ண்மென்ற்தானே அக்கா. என்ர அகதிக் கேஸ்காரர் கண்டா?" என்றார்.

மறுநாள் காலை என்னோடு பனிக்குள் நடந்து வந்தார், எனக்கு நாலடி முன்னாலேயே. அட்டையைக் கழற்றித் தரச்சொல்லி ரீச்சரிடம் கேட்க வேண்டும். அவருக்கு ஆங்கிலம் வராது. ஆகவே என் பரிசை நானே வேண்டாமென்று மொழிபெயர்க்கும் கொடுமை எனக்கு வாய்த்தது. காரணம் என்னவென்று ரீச்சர் கேட்டார். மாமாவுக்கு வெட்கமாம் என்று நானாகச் சொன்னேன். ரீச்சர் கழற்றித் தந்ததும் மாமா அட்டையைச் சுருட்டிக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன.

"அப்ப நீங்கள் கீப்பரே இல்லையா? எல்லாம் பொய்யா?" என்று கேட்டேன்.

அந்தக் கிழமை அவர் அசையாமல் நின்றதை அப்போதுதான் கண்டேன்.

"ஓம் பிள்ளை. பொய்தான்."

பொய்யர் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அதன்பின் அவரோடு கதைக்கவில்லை.

அந்த விரல்களை ஒவ்வொன்றாக முறித்தது ஊரில் இராணுவ முகாமில் அவரை விசாரித்தவர்கள் என்பதோ, அகதி வழக்கில் அவர் எழுதிக்கொடுத்தது அதைத்தான் என்பதோ எனக்கு அப்போது தெரியாது. சின்னப் பிள்ளை பயப்படுமென்று அம்மா சொன்ன கிரிக்கட் கதையை நான் பெயரும் படமும் போட்டு ஊருக்குக் காட்டிவிட்டேன் என்பதும் தெரியாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு அகதி வழக்கு விசாரணைக்குப் புறப்பட்டார். "போட்டு வாறன்" என்று என்னிடமும் சொன்னார். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

பின்னேரம் அம்மா அழுதுகொண்டே வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அங்கே மாமாவை நம்பிவிட்டார்களாம்.

பொய்யரையா நம்பினார்கள் என்று நான் கேட்டேன்.