மண்டியிடச் சொல்லாமல் எடுத்த அளவு

அன்று என் தையற்கடையில் இருந்தது மூன்று பேர்: நான், காஜா எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி, கல்யாண ஊர்வலங்களில் வாசிக்கும் பேண்டு மாஸ்டர். வெள்ளைக்காரப் பட்டாளத்து பேண்டுக்காரர்கள் கட்டுவதுபோல, தன் எட்டு ஆட்களுக்கும் கட்டம்போட்ட மடிப்புப் பாவாடை கேட்டு வந்திருந்தார். ஆளை மண்டியிட வைத்து, துணி தரையைத் தொடாதபடி அளந்தால்தான் அது முழங்காலோடு நிற்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்பா வயதுக்காரரை என் முன்னால் எப்படி மண்டியிடச் சொல்வது? ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு எவரிடமும் எதையும் கேட்கப் பயம். அவரை நிற்க வைத்தே அளந்து, அதையே எட்டுப் பேருக்கும் வைத்துக்கொண்டேன். கால் தெரிந்தால் கேலி செய்வார்களோ என்று அரைச்சாண் கூட்டியும் விட்டேன்.

“கேக்காம கொள்ளாம இம்புட்டு எறக்கிட்டீகளே!” என்றாள் மனைவி.

அரியக்குடிக் கல்யாணத்தில் மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் கூட்டம் பாவாடை கட்டிய பேண்டுக்காரர்களைப் பார்த்துச் சிரித்தது. “ஒரு கல்யாணத்துக்கு எட்டுப் பொண்ணுல்ல வந்திருக்கு!” என்றாள் ஒருத்தி. ஊர்வலம் கெட்டதென்று பெண்வீட்டார் கூலியில் ஐம்பது ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் மாஸ்டரிடம் உண்மையைச் சொன்னேன்.

“சொல்லியிருந்தா மண்டி போட்டிருப்பேனேப்பா. நான் என்ன ராசாவா?” என்றார்.

பிடித்த பணத்தை நானே தருவதாகச் சொல்லி, இருபது கொடுத்தேன். பிறகு அவர் தலை தெரிந்தாலே பின்வாசல் வழியாகப் போய்விடுவேன். இன்னும் முப்பது ரூபாய் பாக்கி.