நான் சொல்லாமல் விட்ட பௌர்ணமிச் சரக்கு

பிள்ளைகளா, வேன் பெரியப்பா ஏன் இப்போதெல்லாம் நம் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டீர்கள். அவருக்கு வேலை ஜாஸ்தி என்று சொன்னேன். அது பொய். எங்கள் கம்பெனியில் அவருக்கு வேலையே இல்லை. அதற்குக் காரணம் நான். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அப்பா பன்னிரண்டாவதோடு நின்றவன். கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனி மொத்த வியாபாரம் என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், டீத்தூள், சோப்பு. குடோன் என் பொறுப்பு, வேன் அவர் பொறுப்பு. செங்கம் ரோட்டு ஓட்டல்கள், அடி அண்ணாமலைப் பெட்டிக்கடைகள், நம்ம கீழ்பென்னாத்தூர்க் கடைகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் சரக்கு இறக்குவார். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணன் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

பெரிய முதலாளி தன் மகள் வீட்டோடு போய்த் தங்கிவிட்ட பிறகு, சென்னையிலிருந்து சின்ன முதலாளி வந்து பொறுப்பெடுத்தார். வந்ததும் ஈ.ஆர்.பி. போடப் போகிறோம் என்றார். கொள்முதல், குடோன் இருப்பு, பில், வண்டி, சம்பளம் எல்லாம் தனித்தனி நோட்டில் இல்லாமல் ஒரே சாப்ட்வேரில் வருவதற்குத்தான் அந்தப் பெயர். ஒரு ஆள் வந்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போவார் என்று நினைத்தேன். ஒரு படையே வந்தது. புராஜெக்ட் மேனேஜர் என்று ஒருவர், அவர் வாயில் தேதியைத் தவிர வேறு பேச்சு வராது. பழைய பதிவுகளைப் புதியதற்கு மாற்ற ஒருவர். எங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஒரே பிஸ்கட் ஏழு பெயரில் இருப்பதைக் கண்டுபிடித்து, தலையில் கை வைத்து உட்கார்ந்தவர் அவர்தான். புரோகிராம் எழுதுகிறவர் கடைசி வரை நேரில் வரவே இல்லை, குரல் மட்டும் லேப்டாப்பில் வரும். எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்க ஒரு தம்பி. இவர்களுக்கு நடுவில் கன்சல்டன்ட் மேடம். இங்கே வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதி, அதைச் சாப்ட்வேருக்குப் புரியும்படி ஆக்குவது அவர் வேலை.

எங்கள் பக்கத்திலிருந்து விவரம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதற்குக் கீ யூசர் என்று பெயர். என்னைப் போட்டார்கள். கழுத்தில் பட்டையோடு ஒரு கார்டு கொடுத்தார்கள். அதைக் கழற்றாமல் பஸ்ஸில் வீடு வரை வந்தேன், நீங்கள்கூடச் சிரித்தீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மேடம் முதல் நாளே சொன்னார்: "சார், எப்படி நடக்கணும்னு சொல்லாதீங்க. எப்படி நடக்குதோ அத அப்படியே சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவால்ல."

என்னை யாரும் அதுவரை சார் என்றதில்லை.

இரண்டு வாரம் கேட்டார், சொன்னேன். ஒரு நாள் சின்ன முதலாளியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேடம் கேட்டார்: "பில் இல்லாம சரக்கு வெளிய போறது உண்டா?"

உண்டு. மாதாமாதம் உண்டு. பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். அதனால் இரண்டு நாள் முன்னாடியே அண்ணன் வேனை எடுத்துக்கொண்டு போய், பாதையோரக் கடைகளில் தண்ணீரும் பிஸ்கட்டும் இறக்கிவிடுவார். மழை வந்தால் விற்காது, லீவு நாளாக இருந்தால் போதாது. எவ்வளவு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் பில் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டுதான். கூட்டம் கலைந்த பிறகு போய், மீதியை ஏற்றிக்கொண்டு வந்து, விற்றதற்கு மட்டும் பில் போடுவோம். பெரிய முதலாளி காலத்திலிருந்து அப்படித்தான். ஒரு கேஸ் பாட்டில்கூடக் காணாமல் போனதில்லை.

இதைச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சின்ன முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் ஏதோ திருட்டு வழி மாதிரி கேட்குமே என்று பயந்தேன். நம்மைப் பட்டிக்காட்டு ஆள் என்று நினைப்பார்களே என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது.

"இல்லீங்க மேடம். அந்த மாதிரி பழக்கமே இங்க இல்லீங்க," என்றேன்.

அவர் அதை எழுதினார். கடைசியில் எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். டிரைவர்களை அந்த ரூமுக்குள் யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடச் சொல்லவில்லை.

புது சாப்ட்வேர் ஓட ஆரம்பித்த பிறகு வந்த முதல் பௌர்ணமிக்கு அண்ணன் வழக்கம்போல் குடோன் வாசலில் வேனைத் திருப்பி நிறுத்தினார்.

"இன்னாடா தம்பி, எடுத்து வெய்யி. நாளன்னிக்குப் பௌர்ணமி."

"அண்ணா, இனிமே பில்லு போட்டாத்தான் சரக்கு எடுக்கணும்."

"எவ்ளோ விக்கும்னு தெரியாம என்னத்த பில்லு போடறது? உன் கம்ப்யூட்டருக்கு அமாவாச பௌர்ணமி தெரியுமாடா?"

சரக்கு ஏற்றும் கூலி ஆட்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அங்கே கடைக்காரர்கள் காத்திருப்பார்கள். மீதி வந்ததும் சேர்த்துப் பதிந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, "நீங்க ஏத்திக்கினு போங்கண்ணா, நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

மறுநாள் காலையில் மேடமும் இன்னொருவரும் குடோனில் வந்து எண்ண ஆரம்பித்தார்கள். புதிதாக ஓடும்போது சாப்ட்வேரில் உள்ள இருப்பும் நேரில் உள்ள இருப்பும் ஒத்துப்போகிறதா என்று அப்படிப் பார்ப்பது வழக்கமாம். தண்ணீரே நாற்பது கேஸ் கம்மி, பிஸ்கட்டும் குறைந்தது. சின்ன முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார்.

"யாரு எடுத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொல்லிவிட்டார். "நான்தாங்க. அடி அண்ணாமலைல எறக்கிட்டேன். எப்பவும் போறதுதாங்க. மீதி திரும்பி வந்துடும்."

"எந்த பில்லுல?"

"பில்லு அப்புறமா போடுவோம்ங்க."

சின்ன முதலாளி என் பக்கம் திரும்பினார். "அப்படி ஒரு பழக்கம் இருக்குதா? நீங்க கையெழுத்துப் போட்டதுல அப்படி இல்லியே."

"சிஸ்டத்துல அப்படி இல்லீங்க," என்றேன்.

அதுதான் நான் சொன்னது. பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இன்றைக்கு நன்றாகத் தூங்குவேன். பிறகு முதலாளியைப் பார்த்து, "அவனுக்கு இது தெரியாதுங்க. நானாத்தான் ஏத்தினேன்," என்றார்.

"சொல்லாம சரக்க வெளிய எடுத்துட்டுப் போனா அதுக்கு இன்னா பேருன்னு தெரியும் இல்ல? நாளைல இருந்து வரவேணாம்."

வேன் சாவியை மேஜையில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். பௌர்ணமி முடிந்து வேறு டிரைவர் போனபோது, கடைக்காரர்கள் சீட்டோடு மீதிச் சரக்கை எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு பாட்டில் குறையவில்லை. அன்றைக்காவது முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் தள்ளினேன், அப்புறம் ஒரு வாரம். தள்ளத் தள்ள அது இன்னும் கனமாகிவிட்டது.

மேடத்திடம் மட்டும், பௌர்ணமிக்கு என்ன செய்வது என்று பொதுவாகக் கேட்டேன். வேனையே ஒரு குட்டி குடோனாகச் சாப்ட்வேரில் பதிந்துவிட்டால் போதுமாம். சரக்கு பெரிய குடோனிலிருந்து அதற்கு மாறியதாகக் காட்டும், விற்றதற்குப் பிறகு பில் போடலாம். "அரை நாள் வேலை சார். இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார்.

போன மாதம் செங்கம் ரோட்டில் அண்ணனைப் பார்த்தேன். வாடகை ஆட்டோ ஓட்டுகிறார். "இன்னாடா, கழுத்துல பட்டைய காணோம்?" என்று கேட்டுவிட்டு, "பசங்க ஒழுங்கா படிக்குதுங்களா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆட்டோவில் ஆள் ஏறிவிட்டது, போய்விட்டார்.

நேற்று அந்த வேன் குடோன் மாற்றத்துக்கு என் ஒப்புதலைக் கேட்டு மேடம் கம்ப்யூட்டரில் ஒரு படிவம் அனுப்பியிருந்தார். நான் ஒப்புதல் கொடுத்தால் அது நேராகச் சின்ன முதலாளிக்குப் போகும். மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில், 'டிரைவர் பில் இல்லாமல் சரக்கு எடுத்ததால்' என்று இருந்தது. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். 'இந்தப் பழக்கம் முன்பே இருந்தது. கேட்டபோது நான் மறைத்தேன். அன்று சரக்கை ஏற்றச் சொன்னதும் நான்தான், டிரைவர் அல்ல' என்று அடித்தேன். கீழே என் பெயரைப் போட்டு, அனுப்பு என்ற பட்டனை அழுத்தினேன்.